சேட்டுவின் மகிழங்கன்று

முதல் தண்ணீரைச் சேட்டு தன் காலில்தான் விட்டுக்கொள்கிறான். டேங்கர் லாரியின் ஹோஸ் வெயிலில் காய்ந்திருக்கும். முந்தைய லோடில் அதற்குள் தங்கிய தண்ணீர் கொதிக்கும். சூடு அடங்கிய பிறகே முனையை மகிழங்கன்றின் பக்கம் திருப்புகிறான்.

கன்று நிற்பது பெருங்களத்தூரில், அவன் தினமும் தண்ணீர் இறக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவரோரம். பம்மலில் அவன் குடியிருக்கும் ஒற்றை அறைக்கு வாசல்வரை சிமெண்ட். மனைவி கங்கம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. லாரியில் ஒட்டியிருக்கும் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடும். யாராவது திருத்தப் போனால் கையைத் தட்டிவிடுவான். "அத்தத் தொடாத. அது அவ டைம்."

மகிழம் அவள் போனில் கேட்டது. "காஞ்சாலும் வாசன போவாதுய்யா. பூத்தா இங்க வர்றவங்க யார்கிட்டனா குட்த்தனுப்பு."

சித்திரை முழுக்க ஹோஸில் மிஞ்சிய தண்ணீரையே ஊற்றிவந்தான். வீணாகப் போவதுதானே என்ற நினைப்பு. இலைகள் ஓரம் கருகிச் சுருண்டு உதிர்ந்தன. ஒரு நாள் கை தவறி அந்தத் தண்ணீர் புறங்காலில் கொட்டிக் கொப்புளம் கண்டபோதுதான் உறைத்தது, இத்தனை நாளும் வேரை வேகவைத்திருக்கிறோம் என்று.

இப்போது அடியில் இளநீர் மட்டைகளைப் பரப்பியிருக்கிறான். காற்றில் கொஞ்சம் ஆடட்டும் என்று துணிக் கிழிசலால் குச்சியோடு தளரக் கட்டியிருக்கிறான். ஆனால் கன்று மொட்டையாக நிற்கிறது. வேம்பென்றால் உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும். மகிழம் மொட்டையாகிற மரமில்லை.

"செத்ததுக்குப் பால் ஊத்துவாங்க மச்சான். நீ இன்னாடான்னா தண்ணி ஊத்திகினுகீற" என்பான் வாட்ச்மேன் ஏகநாதன். "நெகத்தால கீறிப் பாரேன். உள்ள பச்ச இருந்தா உசுரு கீது."

"ஒன் வேலயப் பாருடா."

சேட்டு கீறவில்லை. கீறாதவரை அது சாகவில்லை.

நேற்று தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வீடியோவில் கங்கம்மா வந்தாள். முதலாளியம்மா கடைக்குப் போயிருந்த நேரம்.

"ஒம் மூஞ்சியவே எத்தினி வாட்டி பாக்கறது? செடியக் காட்டுய்யா."

"டவர் இல்ல கங்கா."

"என் காதுல பூ சுத்தாத. காட்டு."

காட்டினான்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருசம் காண்ட்ராக்ட் போட்டுட்டாங்கய்யா. நேத்துதான் சொன்னாங்க." மூக்கை உறிஞ்சினாள். "அது கீதா இல்லியா, அதயாவது சொல்லு."

சேட்டு குந்தினான். கட்டைவிரல் நகத்தால் தண்டைக் கீறினான். கீறிய இடத்தைப் பார்க்கவில்லை. போனை அதனருகே பிடித்துக்கொண்டு, திரையில் அவள் முகத்தைப் பார்த்தான். முகம் கிட்டே வந்தது. இன்னும் கிட்டே வந்தது.

"பச்சதான்" என்றாள். "யோவ், பச்சதான்யா!"

தரைக்கடியில் இருந்த சம்ப் தொட்டி நிரம்பி வழிந்தது. ஏகநாதன் கத்தினான். சேட்டு ஈரமண்ணை வழித்துக் கீறலின்மேல் அப்பினான். அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். எடுக்கவில்லை.