பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பதினொரு செடிகள்

வேலிச்செடி வாங்க வருகிறவர்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். பழமரம் கேட்பவர்கள் ஆற அமர வருவார்கள். வேலி கேட்பவர்களுக்கு நாளைக்கே சுவர் எழும்பி நிற்க வேண்டும். கிரீஸின் தெற்கே கலமாட்டா நகரத்துக்கு வெளியே, ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே இருபது வருஷமாக நர்சரி வைத்திருக்கிறேன்; அவசரக்காரர்கள் நிறையப் பேரை விரட்டியும் இருக்கிறேன். கருஃபலியாவை மட்டும் விரட்ட முடியவில்லை.

அவள் பிப்ரவரியில் வந்தாள். ஈஸ்டருக்குள் ஆள் மறைகிற உயரத்துக்கு வளரும் செடி வேண்டும் என்றாள். சாமி வந்து நட்டாலும் வளராது என்று சிரித்தேன். அவள் காரணத்தைச் சொன்னாள். சிரித்ததற்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அவள் கணவர் அர்கிரிஸ் முப்பத்திரண்டு வருஷம் எங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டியவர். ஆகஸ்ட் மாத வெயிலிலும் டை கட்டாமல் வண்டியைத் தொட மாட்டார். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கி வணக்கம் சொல்லுவார். பதில் வணக்கம் வராமல் கிளட்சை விட மாட்டார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே வீடும் கட்டிக்கொண்டார். மூன்று வருஷமாக மறதி நோய். போன கோடையிலிருந்து இருந்த இடத்திலேயே துணிகளைக் கழற்றிப் போட்டுவிடுகிறார். உள்ளே பூட்டினால் கதவில் தலையை மோதிக்கொள்கிறார். அதனால் பகல் முழுக்க முற்றத்தில்தான். முற்றத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடையே இருப்பது முழங்கால் உயரச் சுவர்.

"அவரு வண்டியில ஏறினவங்கதான் இப்ப எதிர்ல நின்னு பாக்கறாங்க, லெமோனியா. அவருக்கு வெக்கம் போயிடுச்சு. எனக்குப் போகலையே" என்றாள்.

நாணல் தட்டியைக் கட்டிப் பார்த்தாளாம், பிய்த்துவிட்டார். பச்சை வலையையும் கிழித்துவிட்டார். செடியை மட்டும் தொந்தரவு செய்வதில்லை, தடவிக் கொடுப்பார் என்றாள். சரி, செடியே பார்ப்போம் என்று இரண்டு பேரும் வரிசை வரிசையாக நடந்தோம்.

அவள் கை முதலில் அரளிக்குத்தான் போனது. எங்கள் வெயிலுக்கு அதைப்போல வளர்வது வேறில்லை, தண்ணீர்கூடக் கேட்காது. ஆனால் இப்போதெல்லாம் கையில் அகப்பட்டதை அவர் வாயில் போட்டுக்கொள்கிறாராமே. அந்தப் பக்கமே போகாதே என்று இழுத்து வந்தேன். சைப்ரஸைக் காட்டியதும் தூ தூ தூ என்று மூன்று தரம் துப்பினாள். "உசுரோட இருக்கற மனுசனச் சுத்தி கல்லறை மரமா நடச் சொல்ற?" என்று கேட்டாள். மடமடவென்று வளருமே என்று வெளிநாட்டுக் கலப்பு ஜாதி ஒன்றைக் கேட்டாள். டாக்டர் வீட்டில் அது இரண்டாவது ஜூலையிலேயே துருப்பிடித்த கம்பிபோலக் காய்ந்துபோன கதையைச் சொன்னேன். முள்செடி வேண்டாம், உடம்பில் துணியில்லாத மனிதருக்கு அது ஆகாது.

கடைசியில் அங்கெலிகி என்கிற புதர்ச்செடிக்கு வந்தோம். தடித்த பளபளப்பு இலை, ஆரஞ்சுப் பூ மணம், வெயில், உப்புக்காற்று எல்லாம் தாங்கும். ஒரே குறை, நிதானமாகத்தான் வளரும். எவ்வளவு நாள் என்றாள். சிறுசு வைத்தால் நாலு வருஷம் என்றேன். நாலு வருஷம் அவருக்கு ஏது என்றாள். அதற்குமேல் நான் வியாபாரம் பேசவில்லை. ஒரு ஓட்டலுக்காகப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, அவர்கள் வேண்டாமென்றதால் நின்றுபோன பதினொரு செடிகள் பின்பக்கம் இருந்தன. என் தலைக்கு மேல் உயரம். மறுநாளே கொண்டுபோய் நட்டேன்.

நட்ட அன்றைக்கே முற்றம் மறைந்தது. கருஃபலியா சாலையில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்று என் கையைப் பிடித்து அழுதாள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். பஸ் சத்தம் கேட்டால் அவர் மட்டும் இலைகளை விலக்கி விலக்கித் தேடுவாராம். அதைப் பெரிதாக நினைக்கவில்லை, இரண்டு பேருமே.

அந்த வருஷம் ஈஸ்டர் மே மாதத்தில் வந்தது. அதற்குள் வெயில் கொளுத்தியது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் எங்கள் ஊரில் சுவர், படி, மரத்தின் அடி என்று எல்லாவற்றுக்கும் வெள்ளையடிப்போம்; அடிக்காத வீட்டை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். வேலிச்செடிக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள். வியாழக்கிழமை சுண்ணாம்பு வாளியோடு உட்கார்ந்து மூன்று செடிக்கு அடித்தண்டில் அடித்திருக்கிறாள். அடுப்பில் ஈஸ்டர் முட்டை சிவப்புச் சாயத்தில் வெந்துகொண்டிருந்தது. இறக்கிவிட்டு வரலாம் என்று உள்ளே போனாள்.

அர்கிரிஸ் சுண்ணாம்படிக்கிற மட்டையை எடுத்துக்கொண்டார். வருஷா வருஷம் அவர் செய்த வேலைதானே. எங்கே நிறுத்துவது என்பதுதான் மறந்துவிட்டது. தண்டு, கிளை, இலை, மொட்டு என்று ஒன்று விடாமல் அடித்திருக்கிறார். அவள் திரும்பி வந்தபோது பதினொன்றும் வெள்ளை வெளேரென்று நின்றன. அவர் முகத்தில் அத்தனை சந்தோஷமாம். அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை.

குழாயால் அடித்துக் கழுவினோம். சுண்ணாம்பு வேருக்கு இறங்கியதுதான் மிச்சம். இலை வெந்து, சுருண்டு, பத்தே நாளில் கொட்டியது. இத்தனை வருஷத் தொழிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அப்போதுதான்.

அடுத்த திங்கட்கிழமை என் வண்டி பழுதாகி நானும் அந்த நிறுத்தத்தில் நின்றேன். ஏழெட்டுப் பேர் இருந்தோம், எல்லாரும் அவர் பஸ்ஸில் போனவர்கள். எதிரே மொட்டைக் குச்சிகள். அவற்றுக்குப் பின்னால் அர்கிரிஸ் வந்து நின்றார், உடம்பில் ஒட்டுத் துணியில்லாமல். எங்களைப் பார்த்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு ஆட்களைப் பார்க்கிறார். முகம் மலர்ந்து, கையைத் தூக்கினார்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, யாரும் சொல்லாமலே எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். நானும்தான்.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபின் பார்த்தேன். கருஃபலியா ஒரு போர்வையோடு அவர் பக்கத்தில் நின்றிருந்தாள், போர்த்தாமல். அவர் கையை இன்னும் இறக்கவில்லை.