வட்டுவாகல் பாலத்தின் இரு ஓரமும் நின்றவர்கள்

இன்று பஸ் வட்டுவாகல் பாலத்தில் ஏறியதும், பக்கத்திலிருந்த மீனவர் சொன்னார்: "வெள்ளைக்காரன்ர காலத்துப் பாலம். எத்தினை மாரியைக் கண்டது."

நானும் என் கதையைச் சொன்னேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மாரி. பாலம் வெள்ளத்தில் மறைந்திருந்தது. பிரசவ வலியில் துடித்த மனைவியை உழவு இயந்திரத்தில் ஏற்றி, புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். பாலத்தின் ஓரம் தெரியவில்லை. கரையில் நின்ற மீனவர்கள் இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் இரு பக்கமும் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவால் அக்கரை சேர்ந்தோம்.

அவர் என்னையே பார்த்தார். "நானும் அதிலை நிண்டனான். என்ன பிள்ளை பிறந்தது?"

"பொம்பிளைப் பிள்ளை அண்ணை. வாற மாதம் கலியாணம். கட்டாயம் வாங்கோ."

"ஓம், வராமல் விடுவனே?"

அன்று நின்ற மற்றவர்களே, இதை வாசித்தால் ஒரு சொல் எழுதுங்கள். பந்தியில் எத்தனை இலை போடுவதென்று எனக்குத் தெரியவேண்டும்.