விமானம் இறங்கிய பிறகும் கூட்டாத வீடு

மதுரையிலிருந்து மெட்ராசுக்கு நானூற்று அறுபது கிலோமீட்டர். ரயிலில் ஒரு ராத்திரி, விமானத்தில் ஒரு மணி நேரம். இந்தக் கணக்கை அம்மாவிடம் எத்தனை தடவை சொன்னேனோ, அத்தனையும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன். ராத்திரி முழுக்க ரயிலில் குலுங்கிக்கொண்டு போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அண்ணன் விமானத்தில் கூட்டிப் போனான். சோழவந்தானில் தன் வெற்றிலைக் கொடிக்காலைத் தவிர வேறெதையும் பெரிதாக நினைக்காத மனுசர் அவர். கார் ஏறும்போதுகூட, கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பற்றித்தான் என்னிடம் பேசினார். அம்மாவிடம் ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வெளியூர் கிளம்பியவர் போன இடத்தில் கால் வைக்கிற வரைக்கும் வீட்டைக் கூட்டக் கூடாது. ரயில் என்றால் மறுநாள் காலை வரை விளக்குமாறு மூலையில் கிடக்கும். அன்று மதியமே அண்ணன் போன் செய்து, இறங்கிவிட்டோம் என்றான். நான் விளக்குமாற்றை எடுத்தேன். அம்மா பிடுங்கி மறுபடி மூலையில் வைத்தாள்.

"அதான் இறங்கியாச்சுல்லம்மா?"

"வீட்டுக்குத் திரும்பி வரட்டும்டி. அப்புறம் கூட்டுவோம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார்கள். அப்போதும் கூட்டவில்லை. கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையை எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துத்தான் அடுக்கிக் கட்டுவார்கள். காம்பும் கிழிந்த இலையும் வாழைநாரும் தரையெல்லாம் கிடக்கும். அம்மா அவற்றைக் குனிந்து குனிந்து கையால் பொறுக்கினாள். கையால் பொறுக்கினால் தப்பில்லையாம், விளக்குமாறுதான் படக் கூடாதாம். அவளோ இடுப்பு வலிக்காரி. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? திட்டிக்கொண்டே நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். அப்போதுதான் பார்த்தேன், அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் விமானக் கணக்கு சொல்லவில்லை.

அப்பா திரும்பியதும் விமானத்தில்தான். ஆனால் மதுரையில் இறங்கி, கார் பிடித்து ஊர் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்து விளக்கு வைத்தாகிவிட்டது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பாவம், சட்டை தோளில் தொங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவருக்குத் தூசி நறநறத்திருக்க வேண்டும். தரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"நான் போனதுல இருந்தா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு விறுவிறுவென்று போய் விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். விளக்கு வைத்த பிறகு கூட்டினால் வீட்டு லட்சுமி போய்விடுவாள் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவள், அன்றைக்கு அதை மறந்தே போனாள். நாற்காலியில் உட்காரப் போன அப்பா எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் முன்னால் அவர் அவள் கையைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

"விளக்கு வச்சாச்சு. காலைல கூட்டிக்க. நான் எங்கயும் போகல."

மறுநாள் விளக்குமாற்றுச் சத்தத்தில்தான் கண் விழித்தேன். அப்பாவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அம்மா உள்ளே கூட்டிக்கொண்டிருந்தாள்.