டில்லர்

மன்னார்குடி பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த குத்தகை விவசாயியின் நரைத்த மீசைக்குக் கீழே உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. குத்தகை வழக்கில் அன்று விசாரணை. அதிகாரியிடம் சொல்ல ஒரே ஒரு ஆங்கில வாக்கியம் வைத்திருந்தார்.

“ஐ யாம் டில்லர். உழுவுறது நான்தான்னு அர்த்தமாம், சங்கத்துல சொல்லிக் குடுத்தாங்க. மிராசுதாரோட வக்கீல் இங்கிலீஷ்லயே பேசுறாரு. நாமளும் ஒரு வார்த்தை பேசணுமில்ல? சரியா இருக்கா தம்பி?”

கல்லூரியில் சேர்ந்திருந்த திமிரில் சிரித்துவிட்டேன். “டில்லர்னா உழுவுற மிஷினுங்க. நான் ஒரு மிஷின்னு சொன்னா சிரிப்பாங்க.”

“நல்ல வேளை, சொன்னீங்க” என்றார். அதன் பிறகு உதடுகள் அசையவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் இறங்கிக்கொண்டார்.

மாலையில் வீட்டிலிருந்த பழைய அகராதியைப் புரட்டினேன். டில்லர் என்றால் நிலத்தை உழுபவர் என்றிருந்தது. மிஷினைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

உள்ளே போய், தன்னை யாரென்று சொன்னாரோ.