மாம்பழ டேபிளுக்கு வந்த வெள்ளைப் பிடிக் கத்தி

1. முதல் நாள்

கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் எனக்கு யாரும் வேலை சொல்லித் தரவில்லை. ஒரு கூடை நிறைய மாம்பழத்தையும் ஒரு கத்தியையும் கொடுத்து டேபிள் முன்னால் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. அதியமான்கோட்டை தாண்டி ஹைவே ஓரமாக இருந்த மாம்பழக்கூழ் கம்பெனி. இப்போது அது இல்லை, பெயரும் வேண்டாம். மே மாதம் தொடங்கினால் ஆடி வரைக்கும் சீசன். அந்த இரண்டரை மாதமும் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்று தோல் சீவுவோம். அந்த இடத்துக்குப் பீலிங் செக்‌ஷன் என்று பெயர்.

சிரிக்காமல் கேளுங்கள். எனக்கு அப்போது கத்தி பிடிக்கத் தெரியாது. அங்கே நின்ற யாருக்குமே தெரியாது. வீட்டில் எங்களுக்கு எல்லாமே அரிவாள்மனைதான். அதில் அலகு நின்ற இடத்தில் நிற்கும், காயைத்தான் நாம் அதன்மேல் தள்ளுவோம். கத்தரிக்காயிலிருந்து பலாக்காய் வரைக்கும் அப்படியே பழகிய கை. காயைப் பலகையில் வைத்துவிட்டுக் கத்தியை ஓட்டுகிறவர்களை நாங்கள் சினிமாவில் பார்த்ததோடு சரி.

அதனால் கம்பெனிக் கத்தியையும் அரிவாள்மனை ஆக்கிவிட்டோம். வலது கையில் கத்தியை இறுக்கிப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வோம். அலகு நம்மைப் பார்த்து இருக்கும். அதன்மேல் பழத்தை இடது கையால் அழுத்தித் தள்ளித் திருப்புவோம். கத்தி நிற்கும், பழம் நடக்கும். பார்க்க வந்த ஆபீசர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, நாங்கள் சீவும் வேகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

முதல் மணி நேரத்திலேயே விரலைக் கிழித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவள் மாதம்மாள், என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். ஏரியூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள்.

"ஏம்புள்ளே, பழத்துக்குக் கலர் பத்தலைன்னு நீ வேற சிவப்பு ஊத்துறியா?" என்றாள்.

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அதன்பிறகு நான்கு சீசன் அவள் பக்கத்திலேயே நின்றேன். மாம்பால் பட்டு இரண்டு பேர் கையும் வெந்து புண்ணாகும். சாயந்திரம் ஒரே பாட்டில் தேங்காயெண்ணெயைப் பங்கு போட்டுத் தடவிக்கொள்வோம்.

2. கறுப்புக் கோடு

அப்போது எங்களிடம் இருந்தது இரும்புக் கத்தி. நாலு விரல் நீள அலகு, மழுங்கிய மூக்கு, கை நிறையப் பிடிக்கும் தடித்த மரப்பிடி. பொம்மிடிப் பட்டறை ஒன்றில் சொல்லி அடித்து வாங்கியது. பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் சாறு வழிகிற கையிலும் அப்படியே உட்காரும்.

கூழுக்குப் போகிற பழத்துக்கு அது போதும். துண்டு போட்டு டின்னில் அடைக்கிற ஸ்லைஸ் ஆர்டர் வந்தபோதுதான் வம்பு வந்தது. மாம்பழப் புளிப்பு இரும்பில் பட்டால் கறுத்துவிடும். வாழைக்காய் அரிந்த அரிவாள்மனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டின்னைத் திறந்தால் துண்டு ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு. வாங்குகிறவன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

"இனிமே எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்" என்றார் மேனேஜர். அதில் தப்பில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவோ கோபம் உண்டு, இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். அந்த வருஷம் என்னை டேபிளிலிருந்து எடுத்து டெம்பரரி சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். சீசன் முடிந்தால் மற்றவர்கள் எல்லாம் கடலைக்காட்டுக்கும் களையெடுப்புக்கும் போக வேண்டும், பர்மனன்ட் ஆனால் எனக்கு வருஷம் முழுக்க வேலை. வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். அந்தக் கோட்டைத் தினமும் நானே துவைத்து இஸ்திரி போட்டு வைப்பேன். யாரையும் தொட விடமாட்டேன்.

3. இரண்டு சாம்பிள்

தர்மபுரி டவுனில் பாத்திரக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் இரண்டு சாம்பிள் கொண்டுவந்தார். ஒன்று எங்கள் பழைய கத்தியைப் பார்த்து அவரே செய்வித்தது. குட்டை அலகு, மழுங்கிய மூக்கு, வரிவரியாகக் கீறல் போட்ட கறுப்பு ஃபைபர் பிடி. இன்னொன்று கடையில் ரெடியாக இருந்தது. ஒரு சாண் நீளம், மெல்லிய அலகு, ஊசி மாதிரி மூக்கு, பால் வெள்ளையில் வழவழவென்று பிளாஸ்டிக் பிடி.

மேனேஜர் வெள்ளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பார்ட்டிக்காரங்க இன்ஸ்பெக்‌ஷன் வந்தா இதான்யா பார்வையா இருக்கும்."

"சார், தப்பா நெனைக்காதீங்க" என்றார் பாய். "அது ஓட்டல்காரங்க பலகையில வெச்சு நறுக்குறதுக்கு. நம்ம பொம்பளைங்க கையில வெச்சுச் சீவுறாங்க. ஆகாதுங்க."

"கறுப்பு எத்தனை நாள் ஆகும்?"

"இருபது நாள் குடுங்க."

"இருபது நாள்ல பாதி சீசன் போயிரும் பாய்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா சரோஜா, நீ டேபிள்ல நின்னவதான? டிரையல் பாத்து ரிப்போர்ட் எழுதிக் குடு. உன் பர்மனன்ட் ஃபைலும் என் டேபிள்மேலதான் இருக்கு."

ஒரு வியாபாரி, தன் சரக்கையே வேண்டாம் என்று சொல்கிறார். எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கத்தான் செய்தது.

வெள்ளைக் கத்தியோடு டேபிளுக்குப் போனேன். முதல் பழத்தை வெண்ணெய் மாதிரி சீவியது. இரண்டாவதும் சரி. மூன்றாவது பழத்தில் சாறு விரலிடுக்கில் இறங்கியதும் பிடி என் கைக்குள்ளேயே உருண்டது. அலகு பக்கவாட்டில் திரும்பிவிட்டது. நல்லவேளை, நான் மெதுவாகச் சீவிக்கொண்டிருந்தேன். மாதம்மாள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"வழுக்குதில்ல?" என்றாள்.

"பழகிக்கிட்டா செரியாப் போயிரும்க்கா" என்றேன்.

ரிப்போர்ட்டில் 'திருப்திகரமாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்து அழகாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே பேர் வாங்கியவள் நான்.

4. துணி

வெள்ளைக் கத்தி வந்த இரண்டாம் நாளே பெண்கள் பழைய சேலையைக் கிழித்து நாடா நாடாவாகப் பிடியில் சுற்றிவிட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, டேபிள் முழுக்கத் துணிதான். துணி ஈரத்தைக் குடிக்கும், பிடி நிற்கும். வேலையும் ஓடியது. நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். கையெழுத்துப் போட்ட பாவம் அந்தத் துணியோடு போய்விட்டது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, டின் வாங்குகிற பார்ட்டியின் ஆட்கள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார்கள் என்றார்கள். காலையில் மேனேஜர் செக்‌ஷனுக்கு வந்தார், துணிகளைப் பார்த்தார்.

"என்ன இது கந்தல்? சாப்பிடுற பொருள் செய்யிற எடமா, சாவு விழுந்த எடமா? எல்லாத்தையும் அவுத்து எறி."

மாதம்மாள்தான் வாய் திறந்தாள். "வழுக்குதுங்க சார். துணி இருந்தாத்தானுங்க புடி நிக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க சூப்பர்வைசரே டிரையல் பாத்து நல்லாருக்குன்னு எழுதியிருக்கு. கேட்டுப் பாரு."

மாதம்மாள் என்னைப் பார்த்தாள். டேபிள் மொத்தமும் என்னைப் பார்த்தது. 'துணி அப்படியே இருக்கட்டும் சார்' என்று நான் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள்? பயம்தான், வேறென்ன. நான் ஒவ்வொருத்தியிடமும் போய்க் கத்தியை வாங்கித் துணியை அவிழ்த்துப் பக்கெட்டில் போட்டேன். மாதம்மாள் தன் கத்தியைப் பிடி என் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பதினோரு மணி இருக்கும். பார்ட்டி ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. நன்றாகக் கனிந்த பழம் ஒன்றை மாதம்மாள் அலகின்மேல் தள்ளியபோது பிடி உருண்டது. மூக்கு பழத்தைத் துளைத்துக்கொண்டு இடது கைக்குள் இறங்கியது, கட்டைவிரலின் அடியில். அவள் கத்தவில்லை. "சரோசா" என்று மட்டும் கூப்பிட்டாள். டேபிளில் இருந்த சாறு சிவப்பானதைப் பார்த்து மற்றவர்கள்தான் கத்தினார்கள்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கம்பெனி வேனில் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் அவள் கையை என் வெள்ளைக் கோட்டில் சுற்றிப் பிடித்திருந்தேன். தையல் போட்டார்கள், புண்ணும் ஆறியது. ஆனால் நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். அந்தக் கட்டைவிரல் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை.

5. ஒரு சொல்

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு ஆக்சிடென்ட் ரிப்போர்ட் எழுதச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"தொழிலாளியின் அஜாக்கிரதைன்னு எழுதும்மா. கத்தி சரியில்லைன்னு எழுதுனா, நல்லாருக்குன்னு ரிப்போர்ட் குடுத்தது யாருன்னு கேப்பாங்க. பாத்துக்க."

எழுதினேன். அதே அழகான கையெழுத்தில்.

அடுத்த மாதம் கறுப்புப் பிடிக் கத்தி வந்தது. பாய் செய்வித்ததேதான். ஒரு கை போனதற்காக வரவில்லை. ரத்தம் பட்டதென்று அன்று ஒரு டேபிள் பழம் முழுவதையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. அதைத்தான் முதலாளி தாங்கவில்லை. வெள்ளைப் பிடிக் கத்திகளைக் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பர்மனன்ட் ஆர்டர் வந்தது.

அடுத்த சீசனில் மாதம்மாளைக் கூப்பிடவில்லை. அவளே என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். சீவ முடியாது, ஆனால் பழம் பிரித்துப் போடுகிற வேலை செய்ய முடியும். கம்பெனி கேட்டுக்குப் போனால் 'அஜாக்கிரதையான ஆள்' என்று பேப்பரில் இருக்கிறதாம், சேர்க்க முடியாது என்றார்களாம்.

"வூட்ல அருவாமணை முன்னாலகூட உக்கார முடியல சரோசா. வெங்காயத்தைப் புடிக்கக்கூட வெரலு வளைய மாட்டேங்குது" என்றாள். "நீ எழுதுன பேப்பர்தான? மாத்தி எழுதிக் குடு. வேற ஒண்ணும் வேணாம்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்க்கா" என்றேன்.

கேட்கவில்லை. அவளும் திரும்ப வரவில்லை.

6. கத்தி வாங்குகிறவர்களுக்கு

கம்பெனியில் இருந்தவள் என்பதால் சொந்தத்தில் யார் கத்தி வாங்கினாலும் என்னைக் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். பழம், காய் சீவுவதற்கு நாலு விரல் நீளம் போதும். நீளக் கத்தி பலகையில் வைத்து நறுக்குவதற்கு. புளிப்புப் பண்டத்துக்கு இரும்பு வேண்டாம். மூக்கு கூராக இருந்தால் உருளைக்கிழங்கில் கண் தோண்டலாம், மற்றபடி கைக்குத்தான் ஆபத்து. அலகைப் பார்ப்பதற்கு முன்னால் பிடியைப் பாருங்கள். கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டுக் கையை நனைத்துக்கொண்டு இறுக்கிப் பிடியுங்கள். உருண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, வீட்டில் யார் அரியப் போகிறார்களோ அவர்கள் கையில் கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். முப்பது வருஷ சர்வீஸில் புதிதாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். தெரியாமல் செய்கிற தப்பைவிடத் தெரிந்து பேசாமல் இருந்தது அதிக நாள் உறுத்துகிறது. மாதம்மாள் இப்போது ஏரியூரில் மகள் வீட்டோடு இருக்கிறாள் என்று கேள்வி. பஸ் ஏறினால் போய்விடலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் ஏறவில்லை.

அவள் கேட்ட பேப்பரை இங்கே எழுதுகிறேன். எந்தக் கம்பெனி கேட்டிலும் இது இனிச் செல்லாது.

மாதம்மாள் அஜாக்கிரதையாக வேலை செய்யவில்லை. ஈரக் கையில் அந்தப் பிடி வழுக்கும். வழுக்காமலிருக்க அவள் சுற்றியிருந்த துணியை அன்று காலையில் அவிழ்த்தவள் நான். அது வழுக்கும் என்று எனக்கு முன்பே தெரியும்.