கடைசிப் படகும் கண்ணாடி அக்காவின் கருத்தும்

"இதுவா, அதுவா? எது தெளிவு?" என்று கண்ணாடி அக்கா ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது கேட்பாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே இருட்டு அறை, அதே சுழல் நாற்காலி, எதிர்ச்சுவரில் அதே எழுத்துப் பலகை. வந்தவர் கண்முன் ஒரு லென்ஸைப் போடுவாள், எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவாள். "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு" என்று யாராவது மென்று விழுங்கினால் அவளுக்குப் பொறுக்காது. "ஒரே மாதிரி இருக்காது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்பாள். சொல்லவைக்காமல் விடமாட்டாள்.

இந்தக் குணம் கடையோடு நின்றால் பரவாயில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நூலகத்து மாடியில் நடக்கும் விளையாட்டுக் கூட்டத்துக்கும் அது அவளோடு கூடவே போய்விடும்.

அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பலகையில் ஆடியதோ டிவியில் ஆடியதோ, அந்த வாரம் விளையாடியதைப் பற்றி ஒவ்வொருவரும் எழுந்து நின்று கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஆட்டமாவது ஆடிப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது. சொன்னதைத் தடித்த நோட்டு ஒன்றில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். மற்றவர்கள் "நல்லாத்தான் இருந்துச்சு", "பரவாயில்ல" என்று வழவழவென்று பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா எழுந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

பேய் பங்களாவிலிருந்து தப்பிக்கிற ஒரு வீடியோ கேமைப் பற்றி, "பேய்க்கு முன்னால் அதன் பின்னணி இசை வந்துவிடுகிறது. அப்புறம் என்ன பயம்?" என்று எழுதிவைத்தாள். லாரி ஓட்டும் கேமைப் பற்றி எழுதியபோது பஸ் டிரைவரான கணவரையும் சேர்த்தே வாரினாள். "பகலெல்லாம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும் முன் லாரியை எடுக்கிறார். அங்கேயும் சிக்னலில் ஒழுங்காக நிற்கிறார். அவருக்கு அருமையான கேம். பக்கத்தில் உட்காருகிறவருக்குத் தூக்கம் உறுதி." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கணவரும் சிரித்தார்.

அவள் நல்லது என்று சொன்ன ஆட்டத்தின் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போக ஆள் மாற்றி ஆள் நிற்பார்கள். வேண்டாம் என்றால் அது அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். இது அக்காவுக்குத் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாமும் அதை மறைப்பானேன்.

சாவிக்காரர் தன் பெட்டியை அந்தக் கூட்டத்துக்குத்தான் கொண்டுவந்தார். பூட்டுப் பழுது பார்த்து, சாவி வெட்டிக் கொடுக்கும் மனிதர். பேச்சு குறைவு. இரண்டு வருஷமாகத் தினமும் கடையை மூடிய பிறகு உட்கார்ந்து யோசித்து, அட்டையை வெட்டி, காய்களைப் பித்தளையில் ராவி, தானே ஒரு விளையாட்டு செய்திருந்தார். பெயர் 'கடைசிப் படகு'. மாடிக் கட்டடம் ஒன்றுக்குள் வெள்ளம் புகுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அட்டையைப் புரட்டினால் ஓர் அறை மூழ்கும், அல்லது மூழ்கிய அறை ஒன்று வடியும். ஒருவருக்கு மூன்று காய்கள். எல்லாரும் மூழ்கி ஒருவர் மட்டும் மிஞ்சும்போது மொட்டைமாடியிலிருந்து படகு கிளம்பும்.

வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் விளையாட்டுக் கண்காட்சியில் அதை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை. ஆடிப் பார்த்தவர் ஒருவரின் கருத்து அதில் இருந்தே ஆக வேண்டும். "அக்கா சொல்லட்டும்" என்று இரண்டு வாரத்துக்கு முன்னமே ஒரு பெட்டியை அவளிடம் கொடுத்திருந்தார். இன்னொன்று, கூட்டத்துக்கு வழக்கமாக வரும் டீச்சர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தது. டீச்சர் அந்த ஞாயிறு காய்ச்சலில் படுத்துவிட்டதால் கூட்டத்துக்கு வரவில்லை.

அக்கா எழுந்தாள். "தம்பி, காய் அழகு. படம் அழகு. ஆனா ஆட்டம் முடியவே மாட்டேங்குது. ரெண்டு சனிக்கிழமை ஆடினோம். ஒவ்வொண்ணும் மூணு மணி நேரம். என் நாத்தனார் உக்காந்தபடியே குறட்டை விட்டா. படகு கடைசி வரைக்கும் கிளம்பவே இல்ல. இதைக் கண்காட்சியில வைக்காதீங்க."

சாவிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எதிர்த்துப் பேசுவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் தான் கொண்டுவந்திருந்த மூன்றாவது பெட்டியை மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

புதன்கிழமை டீச்சர் புதுக் கண்ணாடியை வாங்கிப்போகக் கடைக்கு வந்தார்.

"ஏங்க, சாவிக்காரர் ஆட்டத்தை வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே? எங்க வீட்ல அதை ஆடாத நாளே இல்ல. முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிரும். ஒருத்தர் மூழ்கினா அடுத்தவங்க மூச்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்போம்."

"முக்கால் மணி நேரமா? மூழ்கினவங்கதான் திரும்பத் திரும்ப வந்துட்டே இருப்பாங்களே, எப்படி முடியும்?"

"திரும்ப வர்றதா? அது எங்க இருக்கு?"

கண்ணாடியின் காதுக்கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "ஒரு சுற்று உக்காந்துட்டு ஒரு காயோட உள்ள வர்றது. எல்லா ஆட்டத்துலயும் உள்ளதுதானே?"

டீச்சர் புதுக் கண்ணாடி வழியாக அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஆட்டத்துலயும் நான் அப்படிப் பாத்ததில்லையே."

அன்று மாலை வீட்டுக்கு வந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் தன்னிடம் இருந்த பெட்டியைத் திறந்து விதித்தாளைத் தேடினாள். சாவிக்காரரின் குண்டுக் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: மூன்று காய்களும் மூழ்கியவர் ஆட்டத்தை விட்டு விலக வேண்டும். அவளே உரக்க வாசித்த வரிதான் அது. வாசித்துவிட்டு, நாத்தனார் மூழ்கியதும் ஒரு சுற்று பொறுத்து ஒரு காயை எடுத்து நீட்டியதும் அவள்தான்.

"என்னங்க, மூழ்கினவங்க திரும்ப வரலாம்னு யார் சொன்னது?"

கணவர் லாரியை ஓரமாக நிறுத்தினார். "நாம எப்பவும் அப்படித்தானே ஆடுவோம்?"

பதில் சமையலறையிலிருந்து வந்தது. மகள் நர்சிங் படிக்கிறாள். அந்த இரண்டு சனிக்கிழமையும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போயிருந்தாள். "அது எனக்காகப் போட்ட ரூல்மா. ஒண்ணாவது படிக்கிறப்போ முதல்ல அவுட்டாகி நான் அழுது ஊரைக் கூட்டினேனே, மறந்துட்டியா? அன்னைக்கு நீதான் சொன்னே, இந்த வீட்ல யாரும் வெளிய போக மாட்டாங்கன்னு."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதிமூன்று வருஷம். குழந்தை வளர்ந்து அடுத்தவர்களுக்கு ஊசி போடுகிற வயதுக்கு வந்தாயிற்று, ரூல் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. 'நீளம்', 'இழுவை', 'முடிவே இல்லை' என்று நோட்டில் தான் தள்ளிவிட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவள், தன் வீட்டு ரூல் தன் கண்ணில் படாமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அந்த மனிதர் நம்பிப் போனதுதான் நெஞ்சை அறுத்தது.

ஆனால் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஆள் அவள் இல்லை. வியாழன் மாலை கணவரையும் மகளையும் கிளப்பிக்கொண்டு சாவிக் கடைக்குப் போனாள். சுவர் முழுக்கச் சாவிகள். நடுவில் அவர் எதையோ ராவிக்கொண்டிருந்தார். படகுப் பெட்டியில் உடைந்த பூட்டுகளைப் போட்டுவைத்திருந்தார்.

"தம்பி, நான் சொன்னது தப்பு."

"பரவாயில்லக்கா..."

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க, எனக்குப் பிடிக்காது. தப்புன்னா தப்புதான். உங்க ஆட்டத்தை நான் ஆடவே இல்ல. எங்க வீட்டு ஆட்டத்தை உங்க பலகையில வச்சு ஆடியிருக்கேன்." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. பூட்டையெல்லாம் எடுங்க."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். "திரும்பவும் நல்லா இல்லைன்னா?"

"அப்பவும் நல்லா இல்லைன்னுதான் சொல்லுவேன்."

சாவிக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். பெட்டியைக் கவிழ்த்தார்.

கல்லா மேசையில் பலகையை விரித்து நாலு பேரும் சுற்றி நின்று ஆடினார்கள். முதல் பத்து நிமிஷத்தில் அக்காவின் இரண்டு காய்கள் போயின. மூன்றாவதைக் காப்பாற்ற மாடிப்படிக்கு ஓடினாள். மகள் ஓர் அட்டையைப் புரட்டினாள். மாடிப்படி மூழ்கியது.

அக்காவின் கை தானாகக் காயை நோக்கிப் போய், பாதியில் நின்றது. பதிமூன்று வருஷத்தில் அவளும் ஓர் ஆட்டத்தை விட்டு வெளியே போனதில்லை. ஓரமாகக் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். ஆத்திரமாக வந்தது. இன்னொரு படி, ஒரே ஒரு படி மேலே போயிருந்தால்! மகளின் காய் எந்த அறைக்குப் போகப்போகிறதோ என்று பார்க்க அவளையறியாமல் எழுந்து நின்றாள். கணவர் மூழ்கியபோது "ஐயோ!" என்று கத்தியதும் அவள்தான்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "வேணும்னா ஒரு காயோட உள்ள வாம்மா. உனக்காக ரூல் போடலாம்."

"ஒண்ணும் வேண்டாம். நீ அட்டையைப் பாரு!"

முப்பத்தெட்டாவது நிமிஷம் படகு கிளம்பியது. அதில் மகள் இருந்தாள். சாவிக்காரர் காய்களை எடுத்துவைக்காமல் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. "இன்னொண்ணு போடுங்க" என்பதுபோல் விரலை மட்டும் காட்டினாள். கூட்டத்து விதி, இரண்டு ஆட்டம். அதிலும் முதல் ஆளாக அவள்தான் போனாள். அதற்குப் பிறகுதான் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினாள். ஆடிப் பார்த்தவர் கருத்து என்ற இடத்தில், நின்றபடியே, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்:

"இரண்டு தடவையும் முதலில் மூழ்கியது நான்தான். கோபம் இன்னும் அடங்கவில்லை. நாளைக்கும் விளையாட வருகிறேன்."