மாவு மில்லுக்குப் பக்கத்தில் ஒரு பேஸ் கிட்டார்

கரண்ட் போனால் சந்தோஷப்பட்ட ஒரே அரசு ஊழியர் கொல்லிமலையில் நானாகத்தான் இருந்திருப்பேன். முதலில் அப்படி இல்லை. வாழவந்தி நாடு என்கிற மலையூரில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த புதிதில் மழைக்குக் கரண்ட் போகும், காற்றுக்குப் போகும், மழையும் காற்றும் இல்லாத நாளில் சும்மாவும் போகும். நான் வாசலில் நின்று மின்கம்பத்தைப் பார்த்துத் திட்டுவேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் குரலும் உயரும். ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டு, "மாத்திரைக்காரம்மாவுக்குக் கரண்ட் இல்லீன்னா ஆகாதுங்க" என்று பேசிக்கொண்டு போவார்கள். ஊரில் எனக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

நான் குடியிருந்தது ஒரு கட்டடத்தின் பாதியில். மறு பாதியில் மாவு மில். வீட்டுக்காரரே மில்காரர். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பெண்கள் கேழ்வரகும் காய்ந்த மரவள்ளிச் சில்லும் சுமந்து வந்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மோட்டார் ஓடினால் என் வீட்டுச் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். வாடகை குறைவு, ஆஸ்பத்திரி பக்கம் என்று பொறுத்துக்கொண்டேன். அந்த வீட்டில்தான் என் அப்பாவுக்காக ஒரு பாட்டுக்கு பேஸ் கிட்டார் வாசித்துப் பதிவு செய்தேன்.

அப்பா எங்கள் ஊர் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தியவர். வயதான பிறகு அவருக்குக் காது மேல் சுருதியிலிருந்து கீழாகப் போனது. முதலில் குருவிச் சத்தம் நின்றது. பிறகு பேரப்பிள்ளைகள் பேசுவது புரியவில்லை. பிறகு அழைப்பு மணி, குக்கர் விசில், வயலின். லாரியும் இடியும் மட்டும் நன்றாகக் கேட்டன. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். எல்லாம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி அலமாரியில் போட்டுவிட்டார். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. தினமும் காலையில் காபியோடு டேப்ரெக்கார்டர் முன்னால் உட்காருகிற பழக்கம் அவருக்கு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே உண்டு. ஒரு நாள் அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். லீவில் போயிருந்தபோது அந்தத் துண்டைப் பார்த்தேன்.

அப்பாவோடு இருப்பது என் தம்பி. அவன்தான் ஒரு நாள் போன் செய்தான்.

"அக்கா, எதுத்த வீட்டு விசேஷத்துல பெரிய பாக்ஸ் கட்டியிருந்தாங்க. அப்பா நாற்காலிக் கையில தாளம் போட்டுட்டு இருந்தாரு. கீழ் சுருதியில முழங்குற அடிச்சத்தம் அவருக்கு விழுதுக்கா."

"அதுக்கு?"

"அவர் மெட்டுப் போட்ட கிறிஸ்துமஸ் பாட்ட நான் பாடி, கீபோர்டும் வாசிச்சு அனுப்புறேன். நீ பேஸ் வாசி, அது அடிச்சத்தம்தானே. மத்ததெல்லாம் காத்துல போனாலும் உன்னோடது அவருக்குப் போகும்."

நேரில் போய் வாசித்துக் காட்டலாமே என்று கேட்கலாம். நான் லீவு முடிந்து மலை ஏறிவிட்டால் மறுநாள் காலையில் அவருக்கு யார் வாசிப்பது? காபியோடு உட்காரும்போதெல்லாம் ஒலிக்க ஒரு பாட்டு வேண்டும். அந்தத் துண்டு எடுபட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பேஸ் கிட்டார் என்னிடம் வந்து சேர்ந்த கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். பாடகர் குழுவில் சாதாரண கிட்டாருக்குப் பையன்கள் அடித்துக்கொண்டார்கள். மூலையில் ஒரு கம்பி அறுந்து கிடந்த பேஸை யாரும் சீண்டவில்லை. பாவாடை தாவணியில் இருந்த நான் அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். தோள் இறங்கிப்போகிற கனம். விரல் நுனியெல்லாம் கொப்புளம். டிசம்பர் குளிரில் வேனின் பின்பக்கம் உட்கார்ந்து வீடு வீடாகப் பாடப் போவோம். கொடுக்கிற கேக்கையும் சுண்டலையும் ஒரு கையால் தின்றுகொண்டு, மறு கையால் பேஸ் கீழே விழாமல் பிடித்திருப்பேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகக் குளிரில் நடுங்கியது அதற்குப் பிறகு இல்லை. டிரம்ஸ் பெட்டியில் முழங்கால் இடித்துக்கொண்டு நின்ற அந்த இடம் இன்றும் என் உடம்புக்குத் தெரியும். வேலை கிடைத்து ஊர் ஊராக மாறியதில் வாசிப்பு விட்டுப்போனது.

சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில் பேஸ் கிடைத்தது. யாரோ கல்லூரிப் பையன் விற்றுவிட்டுப் போனது. அதை உறையில் போட்டுக்கொண்டு மலை பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு அது பக்கத்தில் இருந்தவர்மேல் சாய்ந்தது. கண்டக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளார என்னங்க, மரம் அறுக்கற மிஷினுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கிற சின்னப் பெட்டி ஒன்று, இருப்பதிலேயே மலிவானதாக வாங்கினேன். லேப்டாப் தம்பி கழித்துக் கட்டியது. அதன் பேட்டரி ஒரு பாட்டுக்கும் கொஞ்சத்துக்கும் தாங்கும். கம்பிகள் மட்டும் புதிது. அதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே தெரியும். கம்பி தேவைக்கு மேல் இழுத்து முழங்காமல் இருக்க, அடியில் கொஞ்சம் பஞ்சை மடித்துச் செருகினேன். அரசாங்கப் பஞ்சு இல்லை, கடையில் வாங்கியது. ஸ்பீக்கர் கிடையாது, மைக் கிடையாது. கிட்டாரிலிருந்து வயர் நேராகப் பெட்டிக்குள் போகும், நான் ஹெட்போனில் கேட்பேன். அறைக்குள் மாடு கத்தினாலும் பதிவில் விழாது.

முதல் நாள் வாசித்ததைக் கேட்டபோது பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் நிற்காமல் ஓடியது. கம்பியைத் தொட்டால் குறைந்தது, விட்டால் கூடியது. வீட்டில் எர்த் கிடையாது, எல்லாம் இரண்டு கால் பிளக். சார்ஜரைப் பிடுங்கினேன். டியூப் லைட்டை அணைத்தேன். கிட்டாரைக் கட்டிக்கொண்டு அறை முழுக்கச் சுற்றி வந்தேன். என் வீட்டு மெயினையே இறக்கினேன். அப்போதும் இருந்தது, ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் மில் மோட்டார். மில் மூடிய பிறகும் சுவருக்குள் போகிற வயரிலிருந்து அது வந்துகொண்டேதான் இருந்தது.

வேறு யாருக்காவது என்றால் விட்டிருப்பேன். பாட்டும் கீபோர்டும் சேர்ந்தால் அந்த இரைச்சல் அமுங்கிப்போகும். ஆனால் அப்பாவுக்குக் கேட்பதே அடிச்சத்தம் மட்டும். நான் போய்ச் சேர வேண்டிய அதே இடத்தில் இந்த "ம்ம்ம்" முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் காதில் மிஞ்சியிருந்த அந்தக் கொஞ்ச இடத்தையும் மோட்டாருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரலும் காற்றுமாக இருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. வாயில் வந்த வசவு வாயிலேயே நின்றது. ஹெட்போனுக்குள் இரைச்சல் இல்லை. ஒரு கம்பியை மீட்டினேன். கிணற்றில் கல் விழுந்த மாதிரி அது மட்டும் தனியாக வந்து, தனியாக அடங்கியது. பேஸ் என்றால் இப்படித்தானே இருக்கும் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. மறுபடி மறுபடி மீட்டிக்கொண்டிருந்ததில் லேப்டாப் அணைந்துவிட்டது.

அன்றிலிருந்து கரண்ட் போவதற்குக் காத்திருந்தேன். லேப்டாப்பை எப்போதும் சார்ஜில் வைத்திருப்பேன். விளக்கு அணைந்ததும் அடுப்பில் இருப்பதை இறக்கிவிட்டு ஓடி, சுருதி சேர்த்து, உட்காருவதற்குள் பாதி நேரம் கரண்ட் திரும்பிவிடும். ஒரு தடவை கடைசிச் சரணம் வரை போய்விட்டேன், மில் "ஹோ"வென்று ஓட ஆரம்பித்தது. அழுகையே வந்துவிட்டது.

மில் நின்றால் வரிசையில் இருக்கும் பெண்களுக்குப் பொழுது போக வேண்டுமே. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். ஸ்பீக்கர் இல்லாத பேஸில் வெளியே ஒன்றும் கேட்காது. இருட்டறையில் ஒருத்தி காதை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, ஒரு கட்டையைப் பிடித்து ஆடிக்கொண்டிருப்பதுதான் தெரியும். அவர்களில் மூத்த ஒருவர் மட்டும் துணிந்து கேட்டார்.

"ஏனுங்க, சத்தமே வல்லீங்களே?"

"எனக்குக் கேக்குதும்மா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் நடந்ததற்கு யாரைக் குறை சொல்வது? ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, லைன்மீது சாய்ந்திருந்த சில்வர் ஓக் மரக் கிளைகளெல்லாம் வெட்டிக் கிடந்தன. கம்பத்திலிருந்து மில் வரைக்கும் புது வயர். மில்காரர் வாசலிலேயே காத்திருந்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே கரண்ட் போகாதுங்க. நாலு பேரக் கூட்டிட்டுக் கரண்ட் ஆபீசுக்குப் போய்ச் சொல்லி, நானும் ஆளு வெச்சு வேலைய முடிச்சுப்போட்டனுங்க. கரண்ட் போனா நீங்க இருட்டுல உக்காந்து என்னமோ மாதிரி ஆடறீங்கன்னு பொம்பளைங்க சொன்னாங்க. எனக்கு மனசே கேக்கலீங்க."

இத்தனை நாள் கம்பத்தைப் பார்த்து நான் திட்டியதற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்துவிட்டது. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கரண்ட் போகணும்ங்க" என்று வந்துவிட்டது. அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அப்புறம் உடைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பாவுடைய காது, மூடி வைத்த டேப்ரெக்கார்டர், மோட்டார் இரைச்சல், எல்லாம். வரிசையிலிருந்த பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா மில்ல நிறுத்தியிருப்பனுங்களே" என்றார்.

எப்படிச் சொல்வேன்? மேட்டிலும் பள்ளத்திலும் தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள், அரைத்துக்கொண்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். அவர்களை என் பாட்டுக்காக உட்கார வைக்க எனக்கு வாய் வரவில்லை. அதையும் சொன்னேன்.

சத்தம் வரவில்லையே என்று கேட்ட அந்த மூத்தவர் தன் மூட்டையை வரிசையிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். "பெத்த அப்பனுக்குங்களே. நீங்க போய் வாசிங்க சாமி. மாவு எங்க போயிருது" என்றார்.

மில்காரர் மோட்டாரை நிறுத்தினார். மீட்டர் பலகைக்குப் போய் ஃப்யூஸ் கட்டைகளை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்கும் அங்கிருந்துதான் இணைப்பு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. "முடிஞ்சதும் ஒரு சத்தம் குடுங்க" என்றார்.

நான் உள்ளே போய்ச் சுருதி சேர்த்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே ஒரு அசைவு இல்லை. பேச்சில்லை, இருமல் இல்லை. கொக்கரித்த கோழியை ஒரு பெண் முந்தானையை வீசி, சத்தமில்லாமல் விரட்டினாள். கைக்குழந்தை சிணுங்கியதும் அதன் அம்மா எழுந்து காபித் தோட்டத்துக்குள்ளேயே போய்விட்டாள். அவர்கள் பேசினாலும் பதிவில் விழாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. சத்தமில்லாத வாத்தியத்துக்காக அத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியை நான் எனக்கே எடுத்துக்கொண்டேன்.

தம்பியின் குரல் ஹெட்போனில் ஆரம்பித்தது. பல்லவியிலேயே கை சூடுபிடித்துவிட்டது. வேனும் பனியும் டிரம்ஸ் பெட்டியும் ஞாபகத்துக்கு வந்தன. முடிந்ததும் வெளியே வந்து, "ஆச்சுங்க" என்றேன். யாரும் கைதட்டவில்லை. மில்காரர் பையிலிருந்து கட்டைகளை எடுத்துக்கொண்டு போனார். பெண்கள் மூட்டைகளைத் தங்கள் வரிசைக்கு நகர்த்திக்கொண்டார்கள். மோட்டார் ஓடத் தொடங்கியது.

நான் இப்போது சமவெளியில் வேலை பார்க்கிறேன். கரண்ட் ஒழுங்காக இருக்கிறது. ஏதாவது ஒரு மதியம் அது போனால் கை தானாகக் கிட்டாரைத் தேடுகிறது. மலை வீட்டையும் அந்த வரிசையையும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்போது மலையிலிருந்து நான் அனுப்பிய பதிவைத் தம்பி பாட்டோடு சேர்த்து முடித்த வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். ஒரு பழைய பாக்ஸ் ஸ்பீக்கரை அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். காபியைக் கொடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டான். அப்பா முதலில் எங்கள் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு உள்ளங்கையை ஸ்பீக்கரின் பலகைமேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். காபி ஆடை கட்டியது. பாட்டு முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

தம்பி அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "கேட்டுச்சாப்பா?" என்றான்.

அவர் என்னைப் பார்த்தார். "ரெண்டாவது சரணத்துல தாளத்துக்கு முந்திட்ட" என்றார். "அந்த எடத்துல நீ எப்பவுமே முந்துவ."

பயிற்சியின்போது அப்பா யாரையும் விட்டதில்லை. பாடுகிறவர்களைப் பாதி வரியில் நிறுத்துவார், வயலின்காரரைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார். அத்தனை வருடத்தில் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேஸ் சத்தம் அவர் கவனத்துக்கே வருவதில்லை என்று நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்போடுதான் இத்தனை காலமும் இருந்திருக்கிறேன்.

அவர் பக்கத்தில் மண்டியிட்டு, காதோடு காதாக, "அப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா" என்றேன்.

அது அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லித் தம்பிக்குக் கைகாட்டினார்.